அவரை உயிரோட எழுதச் சொல்லு

அந்த வட்டாரத்தில் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கல்யாண வீடுகளில் கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "சிரிங்க, கொஞ்சம் சிரிங்க" என்று காலமெல்லாம் கெஞ்சியதில் அவருக்குச் சிரிங்கண்ணன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முறைத்துக்கொண்டு நிற்கிற மாமனாரைக்கூடப் பல் தெரியச் சிரிக்க வைத்துவிடுவார். கண் கலங்கி நிற்கும் கல்யாணப் பெண்ணின் காதருகே போய், "மாப்பிள்ளையை இப்பவே நல்லாப் பாத்து வச்சுக்கம்மா, ஆறு மாசம் போனா இந்த அழகு இருக்காது" என்பார். அவள் களுக்கென்று சிரிப்பாள். அந்த நொடியை அவர் விடமாட்டார்.

நாட்டின் பணம் வெறுங்காகிதமாகிப் போன வருஷத்தில் அவர் பிழைப்பு முதல் ஆளாகப் படுத்தது. கல்யாணம் என்னவோ நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வீட்டுக் கூடத்தில் நாலு பேரை வைத்து முடித்துக்கொண்டார்கள். படத்தைப் போனிலேயே எடுத்துக்கொண்டார்கள். ஆல்பத்துக்கான காகிதம் கப்பலேறி வருவது நின்றது. பாதி நாள் கரண்ட் இல்லை. ஸ்டூடியோவின் பெரிய விளக்குகள் போயின. பின்னணித் திரையும் போனது. அதில் தீட்டியிருந்த அருவியின் முன்னால் நிற்காத ஜோடி அந்தப் பக்கத்தில் கிடையாது. வாங்கிக்கொண்டு போனவர், ஒழுகுகிற கூரைக்கடியில் கட்டப் போவதாகச் சொன்னார். கேமராவை மட்டும் விற்க மனைவி விடவில்லை. "அதுவும் போச்சுன்னா சிரிங்க போயிரும், நீங்க வெறும் அண்ணன்தான்" என்றாள்.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. நகரத்தின் மறுகோடியில் இருந்தாள். அத்தான் சின்ன அச்சகம் நடத்தினார். அழைப்பிதழ், பில் புத்தகம், தேர்தல் நோட்டீஸ் என்று எதையும் தட்டிக்கழிக்க மாட்டார். அந்த வீட்டுக்குப் போனவர்கள் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. கொடுக்க எதுவும் அகப்படாவிட்டால், வாசலில் நிற்கும் செடியிலிருந்து ஒரு கிளையையாவது ஒடித்து, "கொண்டுபோய் நட்டு வை" என்று நீட்டுகிறவள் அக்கா. அச்சு மை வராமல் அச்சகத்தைப் பூட்டியாகிவிட்டது என்று அவருக்குத் தெரியும். ஆனால் போனில் கேட்டால் அக்கா பிடிகொடுக்க மாட்டாள்.

"எங்களுக்கு என்னடா குறை? ரெண்டே வயிறு. நீ எப்படி இருக்கே?"

"எனக்கென்னக்கா, வேலை வந்துக்கிட்டுத்தான் இருக்கு."

இப்படி வாரம் தவறாமல் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். பஸ் கட்டணம் எகிறிவிட்டதைச் சாக்காக வைத்துக்கொண்டு போக்குவரத்தும் நின்றது.

அப்போதுதான் ஒரு உதவி அமைப்பிலிருந்து ஆள் வந்தது. வெளிநாட்டிலிருக்கும் நல்ல மனசுக்காரர்கள் அனுப்புவதை வைத்து அரிசியும் பருப்பும் பால்பவுடரும் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். அதைப் படம் எடுக்க ஒரு கை வேண்டும் என்றார்கள். பொறுப்பிலிருந்த பெண்ணை எல்லோரும் மேடம் என்றார்கள். முப்பது வயதுகூட இருக்காது. தூக்கமில்லாமல் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. சம்பளமாகக் கொஞ்சமும், வேலை முடிந்ததும் ஒரு பையும் தருவதாகச் சொன்னாள். அந்தப் பை என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

முதல் நாள் எடுத்த படங்களை மேடம் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் தொங்கிப்போனது.

"என்னண்ணே, எல்லாரும் சிரிக்கிறாங்க?"

"பழக்கம் மேடம். என்னையறியாம சிரிங்கன்னு சொல்லிட்டேன் போல."

"சிரிக்கிறவங்களுக்கு யாருண்ணே அனுப்புவாங்க?" அவள் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "எனக்கும் இது பிடிச்சா செய்றேன்? அங்க ஒருத்தர் சாப்பிட்டுக்கிட்டே போனைத் தள்ளிக்கிட்டிருப்பார். அவர் விரல் ஒரு நிமிஷம் நிக்கணும். நின்னாத்தான் அடுத்த மாசம் இங்க அடுப்பெரியும்."

அவருக்கு அது புரிந்தது. தொழில் தெரிந்தவர் அல்லவா, சீக்கிரமே கைவந்துவிட்டது. சிரிப்பு கரைந்த பிறகு முகத்தில் ஒரு வெறுமை வந்து உட்காரும்; அதற்காகக் காத்திருந்து அமுக்கினால் போதும். வேலை முடிந்ததும், சாமான் கொடுக்கிற மண்டபத்தின் பின்வாசலில் அவர் கையில் ஒரு பையைக் கொடுப்பார்கள். வரிசை கிடையாது, படம் கிடையாது. அதைக் கேமராப் பைக்குள் திணித்துக்கொண்டு, பெரிய லென்ஸைச் சுமப்பவர்போல ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வீட்டுக்குப் போவார்.

நகரத்தின் வேறொரு பகுதியில், பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடக் கட்டடத்தில், ஒரு நாள் சாமான் கொடுத்தார்கள். வெயில் கொளுத்தியது. வரிசை வாசலைத் தாண்டித் தெருமுனை வரை போயிருந்தது. தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் மேசைக்கு வந்தாள். பையை வாங்கிய கைகளைத்தான் அவர் முதலில் பார்த்தார். கனம் தாங்காமல் பை சரிந்தது. அவள் குனிந்து அதை அணைத்துப் பிடித்து நிமிர்ந்தபோது போர்வை நழுவியது. கேமராவுக்குள் தெரிந்த முகம் அக்கா.

தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாதென்று தன் பகுதியை விட்டு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். அவளும் அவரைப் பார்த்துவிட்டாள். பார்த்த பார்வை அப்படியே நின்றது.

"அண்ணே, அந்தம்மாவை எடுங்க, அந்த முகத்தை விட்டுராதீங்க" என்று பின்னாலிருந்து மேடம் கிசுகிசுத்தாள். மனசு யோசித்து முடிக்கும் முன்பே விரல் அமுக்கிவிட்டது. ஒரு தரமல்ல, இரண்டு மூன்று தரம்.

அக்கா துணியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"போதுமா தம்பி?"

யாரும் யாரையும் கூப்பிடுகிற வார்த்தைதான். மேடத்துக்கு அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மேடம் வழக்கம்போலப் பரிவாக விசாரித்தாள். "வீட்டுக்காரர் என்ன செய்றார்மா?"

"அவரோட எல்லாமே போச்சு மேடம்" என்றாள் அக்கா. அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் வெயிலுக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

அந்தப் படத்தை அழித்துவிட வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். கழிப்பறைப் பக்கம் ஒதுங்கினால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் மேடம் அவசரமாக அனுப்ப வேண்டுமென்று அங்கேயே கேமராவுக்குக் கையை நீட்டினாள். "அது எங்க அக்கா" என்று சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால், அக்கா வரிசையில் நிற்கும்போது தம்பி பின்வாசலில் வாங்குகிறான் என்பதும் சேர்ந்து வெளியே வரும். வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

அந்தப் படம் காட்டுத்தீயாகப் பரவியது. பாரமான பையை அணைத்தபடி நேராகப் பார்க்கும் அந்த முகத்தைப் பார்த்து எங்கெங்கோ இருந்தவர்கள் உருகினார்கள். மேடம் ஸ்டூடியோவுக்கே தேடி வந்துவிட்டாள். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, பால்பவுடர் மட்டும் ஒரு லாரி நிறைய வருது! பச்சப் பிள்ளை வச்சிருக்கிற ஒரு வீட்டையும் இந்தத் தடவை திருப்பி அனுப்ப வேணாம். எல்லாம் உங்க ஒரு படத்தால."

அவர் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "எந்தப் படம், காட்டுங்க" என்று கேட்டாள். அவர் அப்புறம் காட்டுவதாகச் சொன்னார். அக்காவுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாளும் எடுக்கவில்லை. அடுத்த நாள் பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே கிளம்பினார்.

அச்சகம் கீழே, வீடு மேலே. கீழ்க்கதவு திறந்திருந்தது. மெஷின் நின்ற இடத்தில் தரையில் நாலு ஆணித் துளைகளும் எண்ணெய்க் கறையும் மட்டும் இருந்தன. விற்றதைக்கூட அவரிடம் சொல்லவில்லை. அந்தக் கறைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அத்தான் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்துப்போயிருந்தார். வாய் மட்டும் இளைக்கவில்லை.

"வாங்க மச்சான், வாங்க. துக்கம் விசாரிக்கத்தானே வந்தீங்க?"

"என்ன அத்தான் சொல்றீங்க?"

அத்தான் போனை நீட்டினார். அக்காவின் படம். அதன் கீழே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'கணவரோடு வாழ்க்கையையே இழந்த தாய். உங்கள் உதவிக்காகக் காத்திருக்கிறார்.'

"என்கிட்ட அச்சடிச்ச பழைய கஸ்டமர் அனுப்பியிருக்கார். கூடவே ஆழ்ந்த அனுதாபம்னு ஒரு வரி. யாருக்குன்னு எனக்குப் புரியல, நன்றின்னு பதில் போட்டேன்." அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. "அது பரவால்ல. வெளிநாட்டிலிருந்து மக கூப்பிட்டா. அலறுறா. அப்பா எப்பச் செத்தாரு, ஏன் எனக்குச் சொல்லலன்னு அவங்கம்மாவைக் கேக்குறா. நான் போனை வாங்கி, நான் இங்கதான் இருக்கேன்டா செல்லம்னு சொன்னா நம்ப மாட்டேங்குறா. வீடியோல வரச் சொன்னா. வந்தேன். இங்கயும் அங்கயும் திரும்பிக் காட்டுங்கப்பான்னா. திரும்பிக் காட்டினேன். பெத்த பொண்ணுகிட்ட உயிரோட இருக்கேன்னு நிரூபிக்கிறது சாமானிய வேலையில்ல மச்சான்."

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அத்தான், அதை எடுத்தது..."

"தெரியும். வந்தன்னிக்கே சொல்லிட்டா."

மாடிப்படியில் காலடி கேட்டது. அக்கா இறங்கி வந்து கடைசிப் படியில் நின்றாள். திட்டுவாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னிக்கு உன்னை அங்க பாத்ததும் எனக்கு உசிரே போயிருச்சு" என்றாள் அக்கா. "நீயும் சாமான் வாங்க வந்திருக்கியோன்னு. அப்புறம் கழுத்துல கேமரா தொங்குறதைப் பாத்தேன். அப்பாடா, தம்பிக்கு வேலை இருக்குன்னு நிம்மதியாச்சு. அந்த நிம்மதியோடதான்டா நின்னேன். அதைத்தான் நீ எடுத்தே."

அவர் சொல்லாமல் இருந்துவிடலாம். ஆனால் ஸ்டூலுக்குப் பக்கத்தில் பாதி காலியாகக் கிடந்த அந்த உதவிப் பை அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

"எனக்கும் ஒரு பை குடுப்பாங்கக்கா. வேலை முடிஞ்சதும். பின்வாசல்ல."

 அக்கா வந்து அவர் பக்கத்தில் எண்ணெய்க் கறை மேலேயே உட்கார்ந்தாள்.

"அப்ப என்னைத் தெரியாத மாதிரி நின்னது அதனாலதானா?"

"ஆமாக்கா."

"நான் உன்னைத் தெரியாத மாதிரி நின்னதும் வெக்கத்துலதான்" என்றாள். பிறகு, கெஞ்சிக் கேட்கிற மாதிரியில்லாமல் முடிவாகச் சொன்னாள். "படம் போனது போகட்டும். என் மூஞ்சிதானே, ஊரே பாத்தாச்சு. ஆனா அவரை உயிரோட எழுதச் சொல்லு. என் வாயால நான் அப்படிச் சொன்னதா நாலு பேர் நம்பிக்கிட்டிருக்காங்க. அதுல எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

அமைப்பின் அலுவலகம் ஒரு மாடி வீட்டின் முன்னறைதான். மேடம் போனும் கையுமாக லாரிக்கு டீசல் தேடிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொல்லி முடித்தார். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ரத்தம் வற்றியது.

"அவங்கதானேண்ணே சொன்னாங்க? அவரோட எல்லாமே போச்சுன்னு. நானே கேட்டேனே."

"அவரோட எல்லாமேன்னா அவருடைய கடை, மெஷின், தொழில். அதெல்லாம் போச்சுன்னு சொல்லியிருக்கா மேடம். அவரும் கூடவே போயிட்டார்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.  பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இப்ப அது தப்புன்னு போட்டா, எல்லாமே பொய்னு சொல்லுவாங்கண்ணே. ஏற்கெனவே எங்களைப் பிடிக்காதவங்க காத்துக்கிட்டிருக்காங்க. லாரி துறைமுகத்தை விட்டு இன்னும் கிளம்பல. லாரி வந்து சேரட்டும். அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்க. எனக்காகக் கேக்கல. பிள்ளைங்களுக்காக."

அவள் கண் நிறைந்திருந்தது. அதில் நடிப்பில்லை. ஆயிரம் முகங்களைப் பார்த்த அவருக்கு அது தெரியாமல் போகாது. அவர் அந்தச் செய்தியை அப்படியே அக்காவிடம் கொண்டுபோனார்.

"அதுக்கென்ன, லாரி வர்ற வரைக்கும் நான் செத்தே இருந்துட்டுப் போறேன்" என்றார் அத்தான். "எனக்கு இப்ப வேற என்ன வேலை?"

இந்தத் தடவை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அத்தானுக்கே வரவில்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

லாரி வந்தது. பால்பவுடர் கொடுக்கிற நாளில் மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் இடுப்பில் பிள்ளை. பணம் அனுப்பியவர்கள் சார்பில் வெளிநாட்டிலிருந்து ஒரு பெரியவர் பார்வையிட வந்திருந்தார். வேர்வையைத் துடைத்தபடி எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார். சிரிங்கண்ணன் ஒரு தூணருகே கேமராவோடு நின்றார். வரிசையில் அக்கா வருவதைத் தூரத்திலேயே பார்த்தார். இன்று தலையில் துணியில்லை. பக்கத்தில், கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, அத்தான்.

மேடமும் பார்த்துவிட்டாள். நகரவில்லை.

பெரியவர் அக்காவை அடையாளம் கண்டுகொண்டு மலர்ந்த முகத்தோடு முன்னால் வந்தார். அக்கா அவரை நேராகப் பார்த்து, நிதானமாக, பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ஐயா, இவர்தான் என் வீட்டுக்காரர். உயிரோட இருக்கார். அவர் செத்துட்டார்னு நான் சொல்லவே இல்ல. உங்க உதவிக்கு நாங்க நன்றியுள்ளவங்க. ஆனா அந்த வரி பொய்."

பெரியவர் புரியாமல் மேடம் பக்கம் திரும்பினார். இரண்டு வார்த்தையில் அவள் அதை வேறு மாதிரி மாற்றியிருக்கலாம்; அந்தக் கூட்டத்தில் அவர் மொழி தெரிந்தவர் வேறு யாருமில்லை. மேடம் அத்தானை ஒரு முறை பார்த்தாள். பிறகு அக்கா சொன்னதை அப்படியே சொன்னாள். அவள் எதையும் விடவில்லை என்பது பெரியவரின் முகம் மாறியதிலேயே தெரிந்தது. அவர் அத்தானின் கையைப் பிடித்து மெதுவாகக் குலுக்கினார். அதற்கப்புறம் அன்று முழுவதும் யாரையும் பார்த்துக் கைகூப்பவில்லை.

சிரிங்கண்ணன் அதில் ஒன்றையும் படமெடுக்கவில்லை.

அந்த வாரமே வரியை எடுத்தார்கள். வருத்தம் தெரிவித்து நாலு வாக்கியம் போட்டார்கள். மேடம் பயந்ததுதான் நடந்தது. ஏமாற்றுக்காரர்கள் என்று எழுதினார்கள். அனுப்பிக்கொண்டிருந்தவர்களில் பலர் நிறுத்திவிட்டார்கள். மேலிடம் படமெடுப்பதையே கொஞ்ச காலம் நிறுத்தச் சொல்லிவிட்டது. மேடம் அவரைக் கூப்பிட்டுச் சொல்ல முடியாமல் சொன்னாள். அவரும் அவளைக் குறை சொல்லவில்லை. "உங்க சம்பளத்துக்கே வழி இருக்கா மேடம்?" என்று கேட்டார். அவள் பைகளை எண்ணப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் வந்தது சின்ன வண்டி. அவர் முன்வாசல் வழியாக வரிசைக்கு வந்தார். அக்காவும் அத்தானும் அவருக்கு இடம் விட்டு நின்றார்கள். பால்பவுடர் பாதி வரிசையிலேயே தீர்ந்துபோனது. அக்காவுக்குக் கடைசிப் பொட்டலங்களில் ஒன்று கிடைத்தது. வெளியே வரும்போது, கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் வழியை மறித்தாள். பொட்டலம் கிடைக்காதவள்.

"உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கார்னு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. சந்தோஷம். என் பிள்ளை என்ன குடிக்கும்?"

கூட்டத்தில் சிலர் அவளை அடக்கினார்கள். சிலர் அடக்கவில்லை, கேட்கட்டும் என்ற மாதிரி நின்றார்கள். அக்கா பையைப் பிரித்துப் பால்பவுடரை எடுத்து அவள் கையில் வைத்தாள். அந்தப் பெண் நன்றியும் சொல்லவில்லை, அக்காவின் முகத்தையும் பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பிள்ளையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

அவர்கள் மூவரும் வெயிலில் நடந்தார்கள். அத்தான் மூச்சு வாங்கியதால் ஒரு பூட்டிய கடையின் நிழலில் நின்றார். எதிர்ச்சாரியில் டீசலுக்காக நின்ற வண்டிகளில் ஒன்றிலிருந்து யாரோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"நான் செஞ்சது தப்பாடா?" என்று கேட்டாள் அக்கா.

தப்பில்லை என்று சொல்லத்தான் அவருக்கு ஆசை. அந்தப் பிள்ளையின் முகம் கண்ணுக்குள் நின்றது. தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை. நிழலில் அத்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"தெரியலக்கா" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். அவருடைய பையின் ஒரு காதை அவள் பிடித்துக்கொண்டாள். இன்னொரு காதை அவர் பிடித்துக்கொண்டார். அத்தானுக்கு மூச்சு அடங்கும்வரை அப்படியே நின்றார்கள்.